முதுகில் வந்த தந்தி

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஐந்தாம் வகுப்புக்குள் நான் நுழைந்தபோது பிள்ளைகள் இருக்கும் நீள வாங்குகளில் பாதி வெறுமையாகக் கிடந்தன.

ஆசிரியையாக நான் பதவியேற்ற முதல் வாரம் அது. திங்கள் தொடங்கி வியாழன் வரை வகுப்பில் இடம் போதவில்லை. சிலர் சாக்கு விரித்துத் தரையில் இருந்தார்கள். வெள்ளியன்று மட்டும் கிடுகுக் கூரையின் ஓட்டைகளால் விழுந்த வெயில் வாங்குகளில் வட்டம் வட்டமாகப் படிந்திருந்தது.

ஊரில் சாவீடா, கோயிலில் ஏதாவது விசேஷமா என்று முன்வாங்கில் இருந்த சாமித்தம்பியிடம் கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினான். பிறகு காற்சட்டையின் ஓரத்தைத் திருகிக்கொண்டு, "இண்டைக்குச் சொல்வதெழுதுதல், டீச்சர்" என்றான்.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. எனக்கு முன் அந்த வகுப்பை எடுத்தவர் வெள்ளிதோறும் சொற்களைச் சொல்லி எழுதுவிப்பாராம். ஒரு பிழைக்கு ஓர் அடி. அதனால் வெள்ளிக்கிழமைகளில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வயிறு வலித்தது, காய்ச்சல் வந்தது, தொட்டிலில் கிடக்கும் தம்பியைப் பார்க்க வீட்டில் ஆளில்லாமல் போனது.

வந்திருந்தவர்களோ, வராவிட்டால் வீட்டில் அதைவிட மோசமாக அடி வாங்கக் கூடியவர்கள்.

ஆற்றுக்கு அக்கரை

நான் மட்டக்களப்புப் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டு முற்றத்தில் நின்றால் மெதடிஸ்த கோயில் மணி கேட்கும். ஆசிரிய கலாசாலையை முடித்ததும் எனக்குக் கிடைத்த இடம் கொக்கட்டிச்சோலைக்கும் உள்ளே, வட்டை என்று அங்கே சொல்லும் வயல்வெளிகளின் நடுவில் இருந்த ஒரு சிறிய பாடசாலை. அறுபதுகளின் தொடக்கம். சித்திரை விடுமுறை முடிந்த கையோடு போனேன்.

இடையில் கிடக்கும் வாவியை அங்கே யாரும் வாவி என்று சொல்வதில்லை. ஆறு என்பார்கள். மண்முனைத் துறையில் 'பாதை' ஏறவேண்டும். பெயரைக் கேட்டு வீதி என்று நினைத்துவிடாதீர்கள். பலகை அடித்த பெரிய மிதவைக்குத்தான் அங்கே பாதை என்று பெயர். மாட்டுவண்டி, சைக்கிள், நெல்மூட்டை, கோழிக்கூடு எல்லாம் அதில் ஏறும். முதல் நாள் அம்மா துறைவரை வந்து, பிஸ்கட் தகரத்தில் பயத்தம்பணியாரத்தை அடைத்துக் கையில் தந்து, இக்கரையிலேயே நின்று அழுதா. ஏதோ நான் கடல் கடந்து போவதுபோல. அக்கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது அவவின் வெள்ளைச் சேலை தெரிந்தது. எனக்கும் அழுகைதான். ஒரு வருஷத்துக்குள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைப் பிரம்பு பாடசாலை அலுமாரிக்கு மேல் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. என் நல்ல குணத்தால் அல்ல. எனக்குச் சொற்கள் பிரம்பால் வந்து சேரவில்லை. அவை என் அண்ணனால் வந்தவை.

மாரி காலத்தில் பட்டணத்துத் தெருக்களில் வெள்ளம் ஏறிப் பள்ளிக்கூடம் பூட்டிவிடும். அப்போதெல்லாம் அண்ணன் பழைய பத்திரிகைத் தலைப்புகளை எழுத்தெழுத்தாக வெட்டிப் பாயில் கொட்டுவான். யார் கூடுதலான சொற்களைச் சேர்ப்பது என்று போட்டி. தோற்றவர் மழையில் நனைந்துபோய் ஆட்டை அவிழ்த்து வரவேண்டும். எங்கள் ஆடு நனைந்தால் தாங்க முடியாத மணம் மணக்கும். அந்த மணத்துக்குப் பயந்தே நான் றகரத்தையும் ரகரத்தையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டேன் என்று இன்றும் அண்ணனிடம் சொல்வதுண்டு.

மூன்று வீடும் பேத்தை மீனும்

அடுத்த வாரம் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிச்சென்றேன். மணலில் மூன்று பெரிய வட்டங்கள் கீறி, ஒன்றில் ல, ஒன்றில் ள, ஒன்றில் ழ என்று எழுதினேன். நான் ஒரு சொல்லைச் சொன்னால் அதற்குரிய எழுத்து வீட்டுக்குள் ஓடி நிற்கவேண்டும். பிழையான வீட்டுக்குப் போனவர்கள் ஆற்றில் விழுந்தவர்கள். நீந்திக் கரையேறுவதுபோலக் கையை வீசிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி சேரலாம்.

மட்டக்களப்புப் பேச்சில் ழகரம் அநேகமாக ளகரமாகிவிடும். மழையை 'மள' என்றும் பழத்தைப் 'பளம்' என்றும் சொல்லி வளர்ந்த பிள்ளையிடம், எழுதும்போது மட்டும் வேறு எழுத்தைப் போடு என்றால் அது எங்கே போகும்? காதை நம்பிப் பயனில்லை. சொல்லைக் கண்ணிலும் காலிலும் பதியவைக்க வேண்டும். 'வாழை' என்றேன். எல்லோரும் ளகர வீட்டுக்கு ஓடி வாளை மீனோடு நின்றார்கள். வகுப்பு முழுதாக ஆற்றில் விழுந்தது. அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுக் கோழிகள் கலைந்து பறந்தன.

பிறகு மீன்பிடி. பழைய கலண்டர் தாளில் மீன்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதி, வாயில் ஊசி குத்தி, மணலில் கீறிய ஆற்றுக்குள் பரப்பினேன். ஈர்க்கிலில் நூல் கட்டி, நூல் நுனியில் வளைத்த குண்டூசி. சில மீன்களில் வேண்டுமென்றே பிழையாக எழுதியிருந்தேன். சரியான சொல் அகப்பட்டால் கூடைக்குள் போடலாம். பிழையான சொல் அகப்பட்டால் அது பேத்தை மீன். வயிற்றை ஊதிக்கொண்டு வலையில் வரும், தின்ன உதவாத அந்த மீனை அங்கே தெரியாத பிள்ளை இல்லை. "பேத்தை" என்று கத்தி அதைத் திரும்பத் தண்ணீரில் போடுவதில் அவர்களுக்கு இருந்த சந்தோஷம், நல்ல மீனைப் பிடிப்பதில்கூட இருக்கவில்லை.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். எல்லோருக்கும் அவர் பெரிய சேர். வேட்டிக்கு மேல் பொத்தான் பூட்டிய கோட்டுப் போட்டு, வெயிலிலும் அதைக் கழற்றாத மனிதர். வந்தவர் ஏசவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் உள்ளே போன பிறகு, ஊரார் இதைப் பற்றி முறைப்பாடு சொல்லத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். படிக்க விட்ட பிள்ளைகள் மணலில் உருளுகிறார்களாம்.

"வித்தியாதரிசி வாறவரைக்கும் விளையாடுங்க டீச்சர்" என்றார். பாடசாலைகளைச் சோதிக்க வரும் கல்வி அதிகாரியைத்தான் சொன்னார். "அவர்தான் சொல்வதெழுதுதல் வைப்பார். அதில பிழை குறையாட்டி, பிறகு பழையபடிதான்."

கடைசி வாங்குப் பிள்ளை

கடைசி வாங்கின் மூலையில் தெய்வானை என்றொரு பிள்ளை இருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய ஒற்றைச் சடை, யாரைப் பார்த்தாலும் விலகாத பெரிய கண்கள். ஓட்ட விளையாட்டில் மற்றவர்கள் எந்த வீட்டுக்கு ஓடுகிறார்கள் என்று பார்த்து அவர்களுக்குப் பின்னால் ஓடுவாள். சொல்வதெழுதுதலில் அவளுக்கு எப்போதும் பூச்சியம். வகுப்பில் அவளுக்கு இருந்த பெயர் மொக்கு. அவளுடைய தகப்பன் மூத்ததம்பி அண்ணனும் அப்படித்தான் சொல்வதாகக் கேள்விப்பட்டேன்.

அவளுடைய பிழைகளில் ஒரு புதினமான விஷயம் இருந்தது. நான் 'மணம்' என்றால் அவள் 'பழம்' என்று எழுதியிருப்பாள். ஆனால் அந்தப் பழத்துக்கு ழகரம் சரியாக இருக்கும். 'தண்டு' என்றால் 'நண்டு' என்று எழுதுவாள். அந்த நண்டிலும் பிழையிராது. சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த நாட்களில்தான் முதுகுத் தந்தியைக் கண்டுபிடித்தேன். பிள்ளைகள் வரிசையாக, ஒருவர் முதுகைப் பார்த்து மற்றவர் இருக்கவேண்டும். எல்லோருக்கும் பின்னால் இருப்பவரின் முதுகில் நான் விரலால் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக எழுதுவேன். அவர் தனக்கு முன்னால் இருப்பவரின் முதுகில் எழுதுவார். ஓர் எழுத்து முடிந்தால் உள்ளங்கையால் முதுகை ஒருமுறை துடைத்துவிடவேண்டும். யாரும் வாய் திறக்கக்கூடாது. வரிசையின் முன்னால் இருப்பவர் ஓடிப்போய்க் கரும்பலகையில் எழுதவேண்டும்.

முதல் நாள் வந்த தந்திகளை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். 'கத்தரிக்காய்' என்று புறப்பட்டது 'கதிரை' என்று போய்ச் சேர்ந்தது. கூச்சத்தால் நெளிந்தவர்களிடம் பாதி எழுத்துகள் தொலைந்துபோயின.

தெய்வானையை அன்று ஒரு வரிசையின் முன்னால் இருத்தியிருந்தேன். நடுவில் இருந்தால் தந்தியை அறுத்துவிடுவாள் என்று அந்த வரிசைப் பிள்ளைகளே கேட்டு இருத்தியதுதான். நான் 'கிழங்கு' என்று அனுப்பினேன். அது முதுகு முதுகாக நகர்ந்து அவளிடம் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். விரல் நின்றதும் எழுந்து போய்ப் பலகையில் எழுதினாள். கிழங்கு. ழகரமும் ஙகர மெய்யும் அச்சில் வார்த்ததுபோல.

அடுத்தது 'உறவு'. அதுவும் சரி. பிறகு, விடிகாலைக்கு அங்கே சொல்லும் 'வெள்ளாப்பு'. அதுவும் சரி. நடுவில் ஒரு பையன் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டபோதுகூட, அவள் கொஞ்சம் நின்று யோசித்து, இருந்திருக்க வேண்டிய எழுத்தைச் சேர்த்து எழுதினாள்.

வகுப்பில் சத்தம் அடங்கிவிட்டது. நான் அவளுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாக, "நல்லா எழுதியிருக்கிறாய், தெய்வானை" என்றேன். அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னேன். பலகையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பின்னுக்கு நிண்டு கூப்பிட்டா அவளுக்கு விளங்காது டீச்சர்" என்றான் சாமித்தம்பி. "தொட்டுத்தான் கூப்பிடணும்."

உனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லோருக்கும் தெரியும் என்றான். மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். விளையாடும்போது அவளைத் தொட்டுத்தான் கூப்பிடுவார்களாம். ஆற்றில் குளிக்கும்போது தண்ணீரை எற்றிக் கூப்பிடுவார்களாம்.

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

"ஒருத்தரும் கேக்கல்ல, டீச்சர்."

மூத்ததம்பி அண்ணன்

அவருக்கு ஆள் அனுப்ப வேண்டி இருக்கவில்லை. அதே வாரம் அவரே வந்தார், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறிப்பதற்கு. சிறுபோக வேளாண்மை கதிரில் பால் பிடிக்கும் காலம். குருவிக்காவலுக்கு ஆள் வேண்டும் என்றார். இவளுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது, சொன்ன சொல்லும் கேட்கமாட்டாள், பிடிவாதக்காரி, வாங்கில் வீணாக இருப்பதைவிட வட்டையில் தகரம் தட்டட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன மனிதர் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

தெய்வானை முற்றத்தில் மற்றப் பிள்ளைகளோடு குந்தியிருந்து மணலில் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். நான் அவரை அவளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய், கூப்பிடுங்கள் என்றேன்.

கூப்பிட்டார். அவள் கீறிக்கொண்டே இருந்தாள். ஓர் அடி முன்வைத்துக் கூப்பிட்டார். மற்றப் பிள்ளைகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். பிறகு வட்டையில் மாட்டைக் கூப்பிடுவதுபோல உரத்துக் கூப்பிட்டார். அவள் திடுக்கிட்டு, யாரோ எங்கோ கூப்பிட்டதுபோல, வேறு பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அவர் அப்படியே மணலில் இருந்துவிட்டார்.

சின்ன வயதில் காதில் சீழ் வடிந்ததாகவும், எண்ணெய் காய்ச்சி விட்டதாகவும், அது தன்பாட்டில் நின்று நின்று வடிந்ததாகவும் பிறகு சொன்னார். பெரிய சேரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அன்றே எனக்கு லீவு தந்து, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அங்கே எனக்குத் தெரிந்த தாதி ஒருவர் இருந்தா. அவவின் உதவியால் அதிகம் காத்திருக்காமல் டொக்டரைப் பார்த்தோம்.

ஒரு காது போய்விட்டது, மற்றதில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்றார் டொக்டர். சீழை நிறுத்த மருந்து தந்தார். மிஞ்சியதைக் காப்பாற்றலாம் என்றார். பிள்ளை இவ்வளவு காலமும் வாயைப் பார்த்துத்தான் பேச்சை விளங்கிக்கொண்டிருக்கிறாள், கெட்டிக்காரி, அதனால்தான் ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது, இனி அவளோடு பேசும்போது முகத்துக்கு நேரே நின்று வாய் தெரியப் பேசுங்கள் என்றார். 'மணம்' என்று சொல்லும் வாயும் 'பழம்' என்று சொல்லும் வாயும் பார்வைக்கு ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

திரும்பி வரும்போது பாதையில் சனம் குறைவு. வெயில் சாய்ந்து தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. மூத்ததம்பி அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடு ஆற்றில் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நான் இவள ஏசின ஏச்செல்லாம் இவளுக்குக் கேட்டிருக்காதுதானே?"

கேட்டிருக்காது என்றேன்.

"அந்தளவில நல்லது" என்றார்.

தெய்வானை எங்களுக்கு நடுவில் நின்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய தலையில் கையை வைத்தார். கரை வரும்வரைக்கும் எடுக்கவில்லை.

வித்தியாதரிசி

மகளை அவர் மறிக்கவில்லை. குருவிக்காவலுக்கு அவரும் மனைவியும் மாறி மாறிப் போனார்கள். தெய்வானையை முன்வாங்கில் இருத்தினேன். நானும் பலகையைப் பார்த்துக்கொண்டு பேசும் பழக்கத்தை விட்டேன். அவளுக்கு இப்போது வேறொரு பிரச்சினை வந்தது. முதுகுத் தந்தியில் அவளை எந்த வரிசை எடுப்பது என்பதில் நாள்தோறும் சண்டை.

வித்தியாதரிசி வந்த அன்று தோரணம் கட்டி, முற்றத்தில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தோம். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து, கனத்த குரல். ஐந்தாம் வகுப்புக்கு வந்து தானே சொல்வதெழுதுதல் வாசிக்கத் தொடங்கினார். வகுப்பாசிரியை உள்ளே நிற்கக்கூடாது. நான் வாசலில் பெரிய சேருக்குப் பக்கத்தில் நின்றேன்.

முதல் வசனத்தைப் பிள்ளைகளைப் பார்த்து வாசித்தார். பிறகு நடந்துகொண்டே வாசித்தார். யன்னலோரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி வாசித்தார். தெய்வானையின் பென்சில் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவனின் கொப்பியை அவள் பார்க்கவில்லை. யன்னலோரம் நின்றவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிதாக வந்த ஆசிரியை வித்தியாதரிசியை இடைமறிப்பது அந்த நாட்களில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். நான் வாயெடுப்பதற்குள் பெரிய சேர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"சேர், கொஞ்சம் இஞ்சால திரும்பி நிண்டு வாசிங்க" என்றார். "எங்கட புள்ள ஒண்டுக்கு உங்கட முகம் தெரியணும்."

வித்தியாதரிசி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பெரிய சேர் தாழ்ந்த குரலில் விளக்கினார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வித்தியாதரிசி புத்தகத்தோடு நடந்து வந்து தெய்வானையின் முன்னால் நின்றார். முதல் வசனத்திலிருந்து மறுபடி வாசித்தார். ஒவ்வொரு சொல்லையும் அவள் பார்த்து முடியும்வரை காத்திருந்தார்.

அவளுக்கு இரண்டு பிழை. சாமித்தம்பிக்கு அதைவிடக் கூடுதல். வகுப்பில் பூச்சியம் என்று ஒருவரும் இருக்கவில்லை.

எப்படிப் படிப்பித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். விளையாட்டுகளைச் சொன்னேன். முதுகுத் தந்தியைச் சொன்னதும் பார்க்கவேண்டும் என்றார். பார்த்தவர், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் வரிசையின் முன்னால் மணலில் வந்து இருந்தார். அவருக்குப் பின்னால் தெய்வானை. கொசுவுக்கு அங்கே சொல்லும் 'நுளம்பு' என்ற சொல் புறப்பட்டது. அவளுடைய விரல் பட்டதும் அந்தப் பெரிய உடம்பு கூச்சத்தில் குலுங்கத் தொடங்கியது. அவர் எழுந்து பலகையில் 'நுழம்பு' என்று எழுதினார். பிள்ளைகள் பெரிய சேரைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் பெரிய சேர். அந்தக் கோட்டுக்குள் இருந்து அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பிறகு வித்தியாதரிசியும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் வகுப்பு முழுவதும் "பேத்தை" என்று கத்தியது.

அலுமாரிக்கு மேல் இருந்த பிரம்பு பிறகு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. நான் மாற்றமும் கேட்கவில்லை. ஒரு வருஷம் என்று போனவள், எழுபதுகள் பிறக்கும்வரை அந்த ஊரில் இருந்தேன்.

தேரன்று

மூத்ததம்பி அண்ணனின் மீசையைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. அவரை ஊரில் 'மீசை மூத்ததம்பி' என்றுதான் அழைப்பார்கள். மேலுதட்டை முழுதாக மூடி, கீழுதட்டுக்கும் இறங்கிய அடர்ந்த மீசை. வாலிப காலம் தொட்டு அதில் கத்தி பட்டதில்லையாம்.

அந்த வருஷம் ஆவணியில் கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்குப் பெரிய சேரின் வீட்டார் என்னையும் கூட்டிப்போனார்கள். சனக்கூட்டத்தில் ஒருவர் வந்து, "சுகமா டீச்சர்" என்றார். எனக்கு ஆளைத் தெரியவில்லை. மழித்த மேலுதடு வெயில் படாத தோலாக வெளுத்துக் கிடந்தது. குரலைக் கொண்டுதான் அறிந்தேன்.

நான் பார்த்துக்கொண்டு நின்றதில் அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. கையால் வாயைத் தடவிக்கொண்டார்.

"என்ட வாய் இவளுக்குத் தெரியணும்தானே, டீச்சர்."

ஊரார் கேலி செய்கிறார்கள் என்றார். மனைவிகூட முதல் நாள் சிரித்தாவாம். தெய்வானை மட்டும் சிரிக்கவில்லையாம். கிட்ட வந்திருந்து, அவர் ஒவ்வொரு சொல்லாகப் பேசப் பேசப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

பட்டணத்திலிருந்து அழுதுகொண்டு போன ஒருத்திக்கு அந்த ஊர் தந்தவை அநேகம். புத்தரிசி தந்தார்கள், கட்டித் தயிர் தந்தார்கள், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்தார்கள். எல்லாவற்றுக்கும் நன்றியுடையவள் நான். என்றாலும் அந்த வெளுத்த மேலுதட்டைப் போல ஒன்றைப் பிறகு எவரும் எனக்குக் காட்டவில்லை.

அதற்குள் தேர் அசைந்தது. மேளமும் அரோகராவும் எழுந்து, பக்கத்தில் நிற்பவர் சொல்வதும் கேட்காமல் போயிற்று. வடத்துக்கு அந்தப் பக்கம் தாய்மார் தொலைந்த பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கும் கேட்கவில்லை. தெய்வானையும் அந்தப் பக்கத்தில்தான், சனத்துக்கு நடுவில் நின்றாள்.

மூத்ததம்பி அண்ணன் கத்தவில்லை. கையை உயர்த்தினார். அவள் பார்த்ததும், சத்தமே இல்லாமல், வாயை நன்றாகத் திறந்து, "இஞ்சால வா புள்ள" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுச் சனத்தை விலக்கிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தாள்.